காவடி வாரமும் ரிஜிஸ்ட்ரேஷன் வாரமும்: பல்கலைக்கழக ஐ.டி. தலைவர் என்னதான் செய்கிறார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசமும் பல்கலைக்கழக ரிஜிஸ்ட்ரேஷனும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் ஜனவரியில் வெளியாகும், பிப்ரவரியில் வகுப்புகள் ஆரம்பிக்கும். நடுவில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பதிவு செய்து முடிக்க வேண்டும். அதே வாரங்களில்தான் நாங்கள் விரதம் இருந்து காவடி எடுக்கிறோம்.

ஒரு வருடம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோயில் வரிசையில் பால்குடத்தோடு நின்றிருந்தேன். பின்னால் நின்ற பெரியம்மா ஒருவர் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீ யூனிவர்சிட்டி ஐ.டி.யிலதானே இருக்கே? என் பேத்திக்கு மூணு நாளா உள்ளே போக முடியலே. வைஃபையும் வரலே. உங்க பெரிய ஆள் அங்கே என்னதான் செய்றார்?"

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஐ.டி. பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். தலைவர் இல்லை, அவருக்கு இரண்டு படி கீழே. தலைவரைப் பற்றி வெளியே உலவும் கதைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். பெரிய கம்ப்யூட்டர் மெக்கானிக் என்பார்கள் சிலர். எல்லாருடைய மெயிலையும் படிக்கிறவர் என்பார்கள் சிலர். எது கேட்டாலும் "பாலிசி" என்று சொல்லித் தடுக்கிறவர் என்பது பேராசிரியர்களின் கட்சி. பெரியம்மாவுக்கு வரிசையில் நின்றபடி சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கரண்டி பிடிக்காதவர்

கோயில் அன்னதானத்திலிருந்து ஆரம்பிக்கலாம். விறகு அடுப்பு, ஆளுயர அண்டா, விடியற்காலை மூன்று மணிக்கே காய் நறுக்க உட்கார்ந்துவிடும் அக்காமார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கரண்டியைத் தொடவே மாட்டார். எத்தனை பேர் வருவார்கள், மழை பெய்தால் எவ்வளவு குறைக்கலாம், எந்த அண்டாவை முதலில் ஏற்றுவது என்பதெல்லாம் அவர் கணக்கு. ஸ்டோர் ரூம் சாவியும் அவரிடம்தான். அவர் நல்ல சமையல்காரராகவே இருக்கலாம். ஆனால் கரண்டியைப் பிடித்து ஒரு அண்டாவோடு நின்றுவிட்டால், அரிசி தீரப்போவதைக் கவனிக்க ஆள் இருக்காது.

பல்கலைக்கழக ஐ.டி. தலைவர் அந்த இடத்தில் இருப்பவர். சில இடங்களில் அவருக்கு இயக்குநர் என்று பெயர், சில இடங்களில் தலைமைத் தகவல் அலுவலர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கோயிலில் வேலை செய்பவர்கள் யாரும் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, அதட்ட முடியாது. உபயக்காரர்களோ அதைவிடச் சிக்கல். "என் பணம் தீபாராதனைக்கு மட்டும்" என்று ஒருவர் கொடுத்துவிட்டால், மடப்பள்ளிக் கூரை ஒழுகினாலும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மானியம் அப்படித்தான் வரும். ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கென்று வந்த பணத்தில் அவர் பெரிய கம்ப்யூட்டர் வாங்கலாம். அந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய கரண்ட், குளிரூட்டல், நெட்வொர்க், பாதுகாப்பு எல்லாம் யார் செலவு? கூரை யாருடைய உபயத்திலும் வராது.

ஒரு வங்கியின் ஐ.டி. தலைவர் "திங்கட்கிழமையிலிருந்து எல்லாரும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும்" என்று சொல்லிவிடலாம். பல்கலைக்கழகத்தில் அப்படிச் சொன்னால் ஒரு துறை கேட்கும், இன்னொரு துறை கமிட்டி கேட்கும், மூன்றாவது துறை கல்விச் சுதந்திரம் என்று ஆரம்பிக்கும். மூன்றாவது சொல்வதிலும் நியாயம் உண்டு. மரபணு ஆராய்கிறவருக்கும் சங்கீதம் கற்பிக்கிறவருக்கும் ஒரே கருவி எப்படிப் பொருந்தும்?

யாருக்குப் பதில் சொல்கிறார்?

தென்னாப்பிரிக்காவில் 26 அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். மேலே கவுன்சில், அதுதான் நிர்வாகக் குழு. பாடம், தேர்வு, பட்டம் போன்ற கல்வி விஷயங்களுக்கு செனட். அன்றாட நிர்வாகத்துக்குத் துணைவேந்தர். மாணவர் பதிவேடுகளுக்குப் பதிவாளர். ஐ.டி. தலைவர் இவர்கள் எல்லாருக்கும் நடுவே நிற்கிறார்.

2009-ல் வந்த மூன்றாவது கிங் அறிக்கை, அதாவது இந்நாட்டில் நிறுவனங்களை நடத்தும் முறை பற்றிய வழிகாட்டி, ஐ.டி.யைக் கவனிப்பது நிர்வாகக் குழுவின் பொறுப்பு என்று எழுதி வைத்தது. 2016-ன் நான்காவது அறிக்கையும் அதையே வலியுறுத்தியது. அன்னதானக் கணக்கைக் கமிட்டிதான் கேட்க வேண்டும், சமையல்காரரிடம் தள்ளிவிடக் கூடாது என்பது போல.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், படித்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். நம் சட்டத்தில் 'தகவல் அலுவலர்' என்று ஒரு பதவி உண்டு. யாராவது தகவல் கேட்டால் கொடுப்பதற்கும், தனிநபர் விவரங்களைக் காப்பதற்கும் சட்டப்படி பொறுப்பானவர் அவர். பல்கலைக்கழகம் போன்ற பொது அமைப்பில் அந்தப் பொறுப்பு அதன் தலைமை நிர்வாகிக்கு. 'தலைமைத் தகவல் அலுவலர்' என்பவரோ ஐ.டி. தலைவர். பெயரைப் பார்த்து ஒருவரே என்று நினைத்து எங்களுக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை.

பெயர் மாறும், எண் மாறாது

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம். ஐ.டி. தலைவரின் பெரிய தலைவலி எது என்று என்னைக் கேட்டால் நெட்வொர்க் என்றோ ஹேக்கர் என்றோ சொல்ல மாட்டேன். 'நீ யார்?' என்ற கேள்விதான்.

டர்பனில் எந்த முதலாண்டு வகுப்பு வருகைப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். எஸ். கோவெண்டர் நான்கு பேர் இருப்பார்கள். எஸ். நாய்டூ மூன்று பேர். பிள்ளை, முட்லி, ரெட்டி, செட்டி, படையாச்சி எல்லாம் வரிசையாக. ஒரே கோவிந்தனை ஒரு சான்றிதழில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். கல்யாணமானால் பெண்ணின் குடும்பப் பெயர் மாறலாம், விவாகரத்தானால் திரும்பவும் மாறலாம். பெயரை வைத்துக்கொண்டு ஆளை அடையாளம் காண முடியாது.

இது நம் முன்னோர்களுக்குத் தெரிந்த கதை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,000 பேருக்கு மேல். ஒவ்வொருவர் பெயரையும் வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கொலோனியல் நம்பர் இருந்தது. இன்று கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுகிறவர்கள் அந்த நம்பரைத்தான் தேடுகிறார்கள். பெயர் சிதைந்துபோனது, நம்பர் தப்பியது. மனிதனை நம்பராக்கிய கொடுமை அது. அந்த நம்பரே இன்று நம்மை ஊரோடு சேர்த்து வைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மாதிரியாக இருக்கும்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணுக்கும் இதே வேலைதான். சரி, அரசாங்க அடையாள எண்ணையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். நம் அடையாள எண் 13 இலக்கம். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 4 ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். பிறகு குடிமகனா, நிரந்தரவாசியா என்பதற்கு ஒரு இலக்கம். கடைசி இலக்கம், மற்றவற்றைச் சரியாக எழுதினோமா என்று சோதிப்பதற்கு. நிறவெறி ஆட்சிக் காலத்தில் இனத்துக்கும் அதில் ஒரு குறியீடு இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் ஆளைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. அதை வகுப்பு நோட்டீஸ் போர்டில் ஒட்ட முடியுமா? காங்கோவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்த மாணவருக்கு அந்த எண் இருக்கவும் இருக்காது. அதனால்தான் தனி எண். நல்ல அடையாள எண் ஆளைப் பற்றி எதையும் சொல்லாது, ஆளை மட்டும் சுட்டும்.

எண் கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி: ஒரு மாணவரைப் பற்றிய உண்மை எங்கே இருக்கிறது? நூலகம் ஒரு பட்டியல் வைத்திருக்கும், விடுதி ஒன்று, நிதிப் பிரிவு ஒன்று, கேட்டில் இருக்கும் கார்டு மெஷின் ஒன்று. நான்கிலும் முகவரி நான்கு விதமாக இருந்தால் எதை நம்புவது? அதற்காக ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் இடத்தை மட்டும் மூலம் என்று முடிவு செய்கிறார்கள். அதை மூலப் பதிவேடு என்று வைத்துக்கொள்வோம். மாணவர் விவரத்துக்கு மூலம் பதிவாளரின் மாணவர் பதிவேடு. ஊழியர் விவரத்துக்கு மனிதவளப் பிரிவு. மற்ற இடங்களில் இருப்பவை நகல்கள். திருத்த வேண்டுமானால் மூலத்தில் திருத்த வேண்டும், நகல்கள் தாமாக மாறிக்கொள்ளும்.

சங்கிலி இப்படி ஓடுகிறது. மாணவர் பதிவு முழுமையானதும் மூலப் பதிவேட்டில் அவர் நிலை மாறும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மென்பொருள் அவருக்குக் கணக்கு திறக்கும், மெயில் கொடுக்கும், எடுத்த பாடங்களின் வகுப்புகளில் சேர்க்கும். மூடில் போன்ற பாடத் தளத்தில் வகுப்புகள் தெரியும், நூலகம் திறக்கும், கேட் கார்டு வேலை செய்யும், வைஃபை ஏற்றுக்கொள்ளும். இந்தச் சங்கிலிக்கு அடையாள மேலாண்மை என்று பெயர்.

சேர்க்கும்போது எல்லாரும் அவசரப்படுவார்கள், விலகும்போது யாருக்கும் அவசரமில்லை. ஒப்பந்தம் முடிந்துபோன விரிவுரையாளரின் கணக்கு மூடாமல் கிடக்கும். திருடன் பூட்டிய கதவை உடைப்பதைவிட, யாரோ பூட்ட மறந்த பின்வாசலில் நுழைவதையே விரும்புவான். அப்புறம் இரட்டை வேடக்காரர்கள். முனைவர் பட்ட மாணவரே முதலாண்டுக்காரர்களுக்கு ட்யூட்டராகவும் இருப்பார். மாணவராக அவர் தன் மதிப்பெண்ணைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. ட்யூட்டராக மற்றவர் மதிப்பெண்ணைப் பதியலாம். ஒரே ஆளுக்கு இரண்டு சாவிக்கொத்து. இதில் மென்பொருளின் பங்கு கொஞ்சம்தான். யார் எதைத் தொடலாம் என்று பதிவாளர், நிதிப் பிரிவு, துறைகள் எல்லாரையும் உட்கார வைத்து ஒத்துக்கொள்ள வைப்பதில்தான் மாதங்கள் போகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆளுக்கு ஒரு மாறாத எண், ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு மூலம், மூலத்தில் நடப்பதைப் பார்த்துக் கதவுகள் திறப்பதும் மூடுவதும். "சிஸ்டம் வேலை செய்யலே" என்று மக்கள் சொல்வதில் ஒரு பெரிய பங்கு, உண்மையில் மூலத்தில் ஏதோ ஒன்று முடியாமல் நிற்பது.

யார் வீட்டுப் பிள்ளை?

ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் விடுமுறைக்கு டர்பன் வந்து இங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் லேப்டாப்பைத் திறக்கிறாள். எதுவும் கேட்காமல் வைஃபை கிடைத்துவிடுகிறது. எப்படி?

கிராமத்துக்குப் புதிதாக ஒரு பையன் வந்தால் திண்ணையில் இருக்கும் பெரியவர் கேட்கும் கேள்விதான் இதிலும். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" வீட்டைச் சொன்னால் அந்த வீட்டில் கேட்டுக்கொள்வார். "ஆமாம், நம்ம பிள்ளைதான்" என்றால் உள்ளே வரலாம்.

2002-ல் ஐரோப்பாவில் முளைத்த இந்த யோசனைக்கு எடுரோம் என்று பெயர். இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கிறது. அந்தப் பெண்ணின் பயனர் பெயரின் பின்பாதியில் அவள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். டர்பன் நெட்வொர்க் அதைப் பார்த்துக் கேள்வியை அங்கே அனுப்பும். பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது ஸ்டெல்லன்பாஷ். டர்பனுக்கு வருவது ஆம், இல்லை என்ற பதில் மட்டும். முறையாக அமைத்திருந்தால் பாஸ்வேர்டு நடுவில் யாருக்கும் தெரியாது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. பணம் கைமாறுவதில்லை, விருந்தினர் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்கள் ஒன்றை ஒன்று நம்புகின்றன, அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கான விதிகளைக் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொள்வது ஐ.டி. தலைவர்களின் வேலை.

கடலுக்கு அடியில் போகும் வழி

தென்னாப்பிரிக்காவுக்கு இணையத்தைக் கொண்டுவந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான். 1991 நவம்பரில் கிரஹாம்ஸ்டவுனில், இன்றைய மகாண்டாவில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு பொறியாளரின் வீட்டுக்கும் இடையே முதல் இணைய இணைப்பு ஓடியது. வீடு! பிறகு 2000-ல் பல்கலைக்கழகங்கள் கூடி டெனெட் என்ற லாபநோக்கமற்ற நிறுவனத்தை அமைத்தன. நம் ஊர் ஸ்டொக்வெல் தெரியுமல்லவா, வருடம் முழுக்கக் காசு சேர்த்து டிசம்பரில் மொத்த விலையில் மளிகை வாங்குகிற சங்கம்? டெனெட் இணையத்துக்கான ஸ்டொக்வெல். மாணவர்களுக்காகப் போட்டி போடும் பல்கலைக்கழகங்கள் இதில் மட்டும் ஒரே கூடையில் காசு போடுகின்றன. அரசு பணம் தந்து கட்டிய சான்ரென் என்ற தேசிய ஆராய்ச்சி நெட்வொர்க்கை நடத்துவதும் டெனெட்தான்.

2009-ல் சீக்கோம் என்ற கடலடிக் கேபிள் நம் மாகாணத்தில், டர்பனுக்கு வடக்கே ம்துன்சினியில் கரையேறியது. அதுவரை வெளிநாட்டு இணையம் சொட்டு நீர்ப் பாசனம் மாதிரி இருந்தது. ஆனால் கேபிள் என்றால் அறுபடவும் செய்யும். 2024 பிப்ரவரியில் செங்கடலில் சீக்கோம் உட்பட சில கேபிள்கள் சேதமடைந்தன. மார்ச் 14 அன்று மேற்கே ஐவரி கோஸ்ட் கடலில் நான்கு கேபிள்கள் ஒன்றாகப் போயின. கிழக்கு வாசலிலும் தடை, மேற்கு வாசலிலும் தடை. ஈக்வியானோ என்ற இன்னொரு மேற்குக் கேபிள் தப்பியதால் போக்குவரத்தை அதன் வழியே திருப்ப முடிந்தது.

ஐ.டி. தலைவர் கேபிள் பிடித்து இழுப்பதில்லை. ஆனால் பாடத் தளம் ஐரோப்பாவில் இருக்கும் க்ளவுடில் இருக்கட்டுமா, ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கட்டுமா என்று முடிவு செய்கிற நாளில் இந்தக் கடல் வரைபடம் அவர் மனதில் இருக்க வேண்டும். க்ளவுட் என்றால் வானத்தில் இல்லை. யாரோ ஒருவருடைய கட்டிடத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர். அந்தக் கட்டிடத்துக்குப் போகும் வழி எது என்பதுதான் கேள்வி.

விளக்கு அணையும்போது

லோட்ஷெட்டிங்கைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2023-ல் மட்டும் 300 நாட்களுக்கு மேல் கரண்ட் நிறுத்தினார்கள். ஸ்டேஜ் ஒன்று ஏறினால் 1,000 மெகாவாட் நிறுத்துகிறார்கள் என்று அர்த்தம், ஸ்டேஜ் 6 என்றால் 6,000. சட்டியில் குழம்பு கொதிக்கும்போது அடுப்பு அணைவது பெண்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் அது எப்படி இருக்கும்?

கரண்ட் போனதும் சர்வர்களை யு.பி.எஸ். பேட்டரி தாங்கும். அது ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும் வரைக்கும்தான், பெரும்பாலும் சில நிமிடங்கள். ஜெனரேட்டர் டீசல் குடிக்கும். எல்லாக் கட்டிடத்துக்கும் ஜெனரேட்டர் கொடுக்க முடியாது என்றால் யாருக்கு முதலில்? உயிரியல் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரியில் வைத்த மாதிரிகள் இருக்கின்றன, பல வருட உழைப்பு. மாணவர் விடுதியில் நாளைக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்வர் ரூம் போனால் இருவருக்கும் கஷ்டம். இதில் வேடிக்கை, ஜெனரேட்டர் ஐ.டி. தலைவருடையது இல்லை. கட்டிடப் பராமரிப்புப் பிரிவுடையது. அவர் கெஞ்ச வேண்டும், பேரம் பேச வேண்டும், பட்டியல் போட வேண்டும்.

அந்தப் பட்டியல்தான் அவர் வேலையின் அசல் உருவம். எது நின்றால் ஒரு மணி நேரம் பொறுக்கலாம், எது நின்றால் ஒரு நாள் பொறுக்கலாம், எது நிற்கவே கூடாது. இதை தொடர்ச்சித் திட்டம் என்கிறார்கள். ஒவ்வொரு துறைத் தலைவரும் தன்னுடையது நிற்கவே கூடாது என்பார். எல்லாமே முதலிடம் என்றால் எதுவுமே முதலிடம் இல்லை. உண்மையை ஒப்புக்கொள்ள வைப்பதற்கு எங்கள் தலைவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. "நல்லது சார், நிற்காது. அதற்கு வருடம் இவ்வளவு டீசல் செலவு, உங்கள் துறைக் கணக்கில் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்பார். ஒரு மணி நேரம் பொறுப்பார்கள்.

டாலரில் பில், ராண்டில் வரவு

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மென்பொருள் உரிமங்களில் பல டாலரில் விலை போட்டவை. 2011 வாக்கில் ஒரு டாலர் 7 ராண்ட் அளவில் இருந்தது, 2023-ல் 18-ஐத் தாண்டியது. புதிதாக எதுவும் வாங்காமலே செலவு இரண்டு மடங்குக்கு மேல். கட்டணத்தை அந்த வேகத்தில் ஏற்ற முடியாது. 2015-ல் கட்டண உயர்வுக்கு எதிராக மாணவர்கள் நாடு முழுவதும் தெருவில் இறங்கியதை யாரும் மறக்கவில்லை. ஐ.டி. பட்ஜெட்டின் பெரும்பகுதி இருப்பதை ஓட்டுவதற்கே போய்விடும். மிச்சத்தில்தான் புதிய கனவுகள்.

நகல், நெருப்பு, சட்டம்

2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலையில் பற்றிய தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தில் புகுந்தது. ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான அரிய நூல்கள் எரிந்தன. ஏற்கெனவே டிஜிட்டல் ஆக்கி வேறு இடத்தில் வைத்திருந்தவை உள்ளடக்கமாகத் தப்பின. பேக்அப் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

தொழிலில் மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சேமிப்பில், அதில் ஒரு பிரதியாவது வேறு இடத்தில். இப்போது அதோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறது: ஒரு பிரதியாவது யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாததாக இருக்க வேண்டும். காரணம் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் மென்பொருள். உள்ளே நுழைகிறவன் முதலில் பேக்அப்பைத் தேடி அழித்துவிட்டுத்தான் பூட்டுவான். பேக்அப் எடுப்பதைவிட அதைத் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பது முக்கியம். பாட்டி ஊறுகாய் ஜாடியை மாதம் ஒருமுறை திறந்து முகர்ந்து பார்ப்பாளே, அது மாதிரி.

மாணவர் விவரம் வெளியே கசிந்தால் பொப்பியா வரும். 2013-ல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுவதும் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அது. கசிவை அரசின் தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம்.

இந்தப் பகுதியில் மனதில் நிற்க வேண்டியது: ஐ.டி. தலைவரால் ஆபத்தை இல்லாமல் ஆக்க முடியாது. எவ்வளவு ஆபத்தை எவ்வளவு செலவில் தாங்குவது என்று கவுன்சிலின் முன்னால் வைத்து, அவர்கள் வாயால் சொல்ல வைக்கிறார்.

மேசைக்கு அடியில் இருந்த சர்வர்

பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டிடத்தில் கம்பி மாற்றும்போது ஓர் ஆய்வாளரின் மேசைக்கு அடியில் ஒரு சர்வர் கிடைத்தது. மேலே பூந்தொட்டி. பத்து வருட நேர்காணல் பதிவுகள் அதில், பேக்அப் கிடையாது, பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருந்தது. ஐ.டி. பிரிவுக்குத் தெரியாமல் ஓடும் இப்படிப்பட்டவற்றை நிழல் ஐ.டி. என்பார்கள்.

எங்கள் ஆட்கள் கோபப்பட்டார்கள், நானும்தான். தலைவர் அந்த ஆய்வாளரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "எங்களிடம் ஏன் வரவில்லை?" எட்டு வருடத்துக்கு முன் அவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். பதில் வர ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. அவர் கடையில் போய் வாங்கிவிட்டார். நிழல் விழுந்தால் எங்கோ நாம்தான் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று அன்றைக்குப் புரிந்தது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இன்னொரு பாடம். மார்ச் 27 முதல் எல்லாரும் வீட்டில். பிள்ளைகளுக்கு டேட்டா கொடுத்தார்கள்: மாதம் பகலுக்கு 10 ஜி.பி., இரவுக்கு 20 ஜி.பி. என்ற கணக்கில். அதாவது பாடம் நள்ளிரவுக்கு மேல் டவுன்லோடு ஆக வேண்டும். ஒரு மணி நேர வீடியோவை வாரத்துக்கு ஐந்து முறை ஏற்றிய பேராசிரியரிடம், அதைக் குரல் பதிவாகவும் சிறு குறிப்பாகவும் மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது. உத்தரவு போட முடியாது. ஆகவே எங்கள் தலைவர் அவருக்கு ஒரு மாணவியின் டேட்டா கணக்கைக் காட்டினார். மூன்றாம் வாரத்திலேயே தீர்ந்திருந்தது. மறுநாள் வீடியோ சின்னதாகிவிட்டது.

பெரியம்மாவின் பேத்தி

சரி, கோயில் வரிசைக்கு வருவோம். அன்று மாலையே பார்த்தேன். வைஃபையில் கோளாறு இல்லை, சர்வரும் நன்றாகத்தான் ஓடியது. அந்தப் பெண் வழக்கமான பாடங்களோடு வேறு துறையின் பாடம் ஒன்றை எடுத்திருந்தாள். அதற்குப் பீட அலுவலகத்தின், அதாவது ஃபேக்கல்டி ஆஃபீஸின், ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வராததால் மூலப் பதிவேட்டில் அவள் நிலை 'தற்காலிகம்' என்று நின்றது. தற்காலிகமானவர்களுக்குக் கணக்கு திறக்கக் கூடாது என்பது மூன்று கமிட்டிகள் கூடி எடுத்த முடிவு. சங்கிலி சொன்னபடிதான் வேலை செய்திருக்கிறது.

ஒப்புதல் கொடுக்க வேண்டிய அலுவலர் யார் என்று தேடினேன். அந்தப் பீடத்தில் அந்த உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் லீவில் போனால் யார் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஸ்டோர் ரூம் சாவி ஒரே இடுப்பில்.

அந்த அலுவலர் மூன்று நாள் லீவில் இருந்தார். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"பெரியம்மா, இன்னைக்குக் காலையிலே உங்களுக்கு முன்னாலே மயில் காவடி எடுத்துட்டுப் போன அக்காவை ஞாபகம் இருக்கா?"

"ஆமாம், இருக்கே."

"அவங்க கையெழுத்துதான் வேணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "அடடா. விரதம் முடியட்டும் தம்பி, இப்போ போய்த் தொந்தரவு பண்ணாதே."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கணக்கு திறந்துவிட்டது. அந்தக் காலிக் கட்டத்தில் இரண்டாவது பெயர் எழுத வைக்க, எங்கள் தலைவருக்கு அடுத்த வருட ரிஜிஸ்ட்ரேஷன் வரை ஆனது.